ஒரு படிவத்தில் ஆறு பெயர்

அந்தமானில் ரயில் ஓடவில்லை என்பது நம் ஹேடோவில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆயினும் இத்தீவில் ரயில்வே குமாஸ்தா என்றொரு ஜீவன் உண்டு. கப்பலேறி ஏறத்தாழ மூன்று நாள் கடலில் மிதந்து சென்னை சேர்ந்து, அங்கிருந்து மதுரைக்கோ இராமநாதபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டிய அன்பர்கள் இங்கேயே இடம் பதிவு செய்துகொள்ளும் சாளரத்தின் பின்னால் அமர்ந்திருப்பவர் நாம். ரயிலின் ஊதல் ஒலியைக் கேளாமலே ரயில்வேயில் காலம் தள்ளுகிறோம். மெட்ரிகுலேஷன் தேறியதோடு நமது படிப்பு நின்றது. இக்கட்டுரையில் கணிப்பொறியைப் பற்றிச் சில வார்த்தைகள் வருமாதலால், இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் சங்கத்தின் குடும்பப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றுவதென்று செயற்குழுவார் தீர்மானித்தனர். "தம்பி நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாலேதானே உட்கார்ந்திருக்கிறார்!" என்று பெரியவர் ஒருவர் சொல்ல, வேலை நம் தலையில் விழுந்தது. விலை கொடுத்து மென்பொருள் வாங்கச் சங்கத்தில் நிதி இல்லை. எனவே உறுப்பினர் பதிவேட்டுக்கென்று யாரோ சிலர் எழுதி உலகுக்கு இலவசமாக வழங்கியிருக்கும் ஒரு கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொண்டோம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நேர்ந்த பிழைகளில் பெரும்பகுதி நம்முடையதாயினும், தூர தேசத்தில் இருப்பவர்களை அவர்கள் அறியாத ஏட்டில் இழுப்பது முறையன்று.

கட்டற்ற மென்பொருள் என்பதை அறியாத அன்பர்களுக்கு ஒரு சொல். அதன் நிரல் முழுவதும் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். 1991-இல் லினஸ் டார்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையில் மிகப் புகழ் பெற்றது. ஆனால் நாம் செய்த திருத்தம் மூலப் பிரதியில் சேர வேண்டுமாயின், அதைப் பராமரிப்பவர்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் கொடாமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்படாது அல்லவா? அது போலத்தான் இதுவும். டிரைவர் எவ்வளவு சாமர்த்தியசாலி என்பது அவ்விடத்தில் கேள்வியே அன்று. பாதையில் வேறு என்னென்ன வண்டிகள் இருக்கின்றன என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்குத்தான் தெரியும்.

பெயர்களை ஏற்றி முடித்துப் பட்டியலை அச்சிட்டுப் பார்த்தோம். மயில்வாகனன், மரகதம், மல்லிகா, மனோகரன் என்று வரவேண்டிய வரிசையில் மனோகரன் முதலில் நின்றார். கண்ணனுக்கு முன்னால் கணபதியும் கணேசனும் வந்து உட்கார்ந்திருந்தனர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சிரிக்கும். காரணத்தைத் தேடினோம். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோடு முறையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ வ, ழ, ள, ற, ன என்பதே முறை. இது போதாதென்று, புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருகிறது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் இயந்திரம் 'கணேசன்' முடிந்த பிறகே 'கண்ணன்' என்று நினைக்கிறது. அகராதியிலோ மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரும்.

இதைத் திருத்துவதென்று முடிவு செய்தோம். 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி திறக்கப்பட்ட பிறகு, இங்கும் இணையம் ஓரளவு இணையம் என்று சொல்லத் தக்கதாக ஆகியிருக்கிறது. அதற்கு முன் ஒரு பாடப் படத்தை இறக்கிக்கொள்ள இரவு முழுவதும் விழித்திருந்த காலம் உண்டு. 2012 முதல் நடந்துவரும் 'கணியம்' இதழாரின் 'எளிய தமிழில்' வரிசை நூல்களில் சிலவற்றை முன்பே படித்திருந்தோம். பைத்தான் என்னும் நிரல்மொழியில் தட்டுத் தடுமாறி நடக்கவும் வந்தது. ஒரு மாதம் இரவு உணவுக்குப் பின் உட்கார்ந்து, எழுத்து வரிசைக்கென்று நூற்றுநாற்பது வரியில் ஓர் அட்டவணை எழுதினோம். எழுதியது வேலை செய்தது. அந்த மகிழ்ச்சியில் தலை சற்றுக் கனத்துவிட்டது.

அட்டவணையோடு நின்றோமா? பட்டியலின் நிறம் பிடிக்கவில்லை, மாற்றினோம். தேதி எழுதும் முறையை மாற்றினோம். திரையில் வரும் தமிழ்ச் சொற்களில் பல செயற்கையாக இருந்தன. அவற்றையும் நமக்குப் பிடித்தவாறு மாற்றினோம். 2024 பிப்ரவரியில் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளை, "இரண்டாயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழியை நீங்கள் இவ்வாறு அலட்சியம் செய்யலாகாது" என்று தொடங்கும் கடிதத்தோடு அனுப்பினோம். உடனே ஏற்று மாலை போடுவார்கள் என்று எண்ணினோம் போலும்.

பத்தொன்பது நாள் பதில் இல்லை. இருபதாம் நாள் நான்கு வரி வந்தது. நன்றி, இதில் நான்கு வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன, தனித்தனியாகப் பிரித்து அனுப்ப முடியுமா? எழுத்து வரிசை பற்றி முன்பே ஒருவர் முறையிட்டிருக்கிறார், அதைப் பார்த்தீர்களா? சோதனைகள் எங்கே? அவ்வளவுதான். தமிழின் தொன்மையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நமக்கு வந்த சினத்தை இங்கே முழுவதும் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். அன்றிரவே ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினோம். உழைப்பின் அருமை அறியாதவர்கள் என்றோம். ஆங்கிலம் அல்லாத மொழி என்றால் இப்படித்தான் என்றோம். இன்னும் ஏதேதோ சொன்னோம். அனுப்புவதற்கு முன் இல்லத்தரசியாரிடம் படித்துக் காட்டினோம். பாராட்டை எதிர்பார்த்துத்தான். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே, "நாளைக்கு உங்க ஜன்னல்லே ஒருத்தர் வந்து இப்படிப் பேசினா, டிக்கெட்டு குடுப்பீங்களா?" என்றார்.

அன்பர்களே, அதில் ஒரு விஷயம் இருக்கிறது. ரயில் முன்பதிவுப் படிவம் ஒன்றில் ஆறு பேருக்கு மேல் எழுதக் கூடாது என்பது விதி. அந்த வாரத்தில்தான், கப்பல் புறப்பட இரண்டு நாள் இருக்கையில், ஒருவர் ஒன்பது பெயரை ஒரே படிவத்தில் நெருக்கி எழுதி, வண்டி எண் எழுதாமல், வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டு நீட்டினார். "வேறு படிவம் எழுதி வாருங்கள்" என்று திருப்பியிருந்தோம். அவர் நம்மைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அவர் மேல் நமக்கு விரோதம் ஏதும் இல்லை. பின்னால் வரிசை நின்றது. ஒன்பது பேரில் ஒருவரின் வயது தவறினாலும் டிக்கெட் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பத்தொன்பது நாள் கழித்து நான்கு வரி எழுதியவரும் எங்கோ ஒரு சாளரத்தின் பின்னால் இருப்பவர்தாம். நமக்காவது மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. அவர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் ஊதியமில்லாமல் இதைச் செய்கிறார் என்பதைப் பிறகு அறிந்தோம்.

எழுதிய கடிதத்தை அழித்தோம். அனுப்பாத கடிதங்களில் அதுவே நாம் எழுதியவற்றுள் சிறந்த நடை என்று இன்றும் ஒரு சபலம் உண்டு, போகட்டும்.

மறுநாள் அவர் சுட்டிய பழைய முறையீட்டைப் படித்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு தமிழர் இதே குறையை, நம்மைவிடத் தெளிவாக, ஐந்து உதாரணங்களோடு எழுதியிருந்தார். அதன்கீழ் நடந்த உரையாடலில் ஒரு செய்தி கிடைத்தது. யூனிகோடு கூட்டமைப்பார் மொழிதோறும் தொகுத்து வைத்திருக்கும் தரவுகளில் தமிழுக்குரிய அகராதி வரிசை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது! ஐ.சி.யு. என்னும் நிரல் தொகுப்பு வாயிலாக எந்த மென்பொருளும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு மாதம் கண் விழித்து நாம் எழுதிய நூற்றுநாற்பது வரி தேவையே இல்லை. பதினொரு வரியில் காரியம் முடிந்தது. வெட்கமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் நூற்றுநாற்பது வரியை ஏற்றுக்கொண்டிருந்தால் அதில் பின்னாளில் வரும் ஒவ்வொரு பிழைக்கும் பொறுப்பு அவர்கள் தலையில் அல்லவா விழுந்திருக்கும்? எழுதியவர் சில மாதத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். பராமரிப்பவர் அங்கேயே இருப்பார்.

சோதனை என்று அவர் கேட்டது, இன்ன பெயர்களைக் கொடுத்தால் இன்ன வரிசையில் வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. இதற்கு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரை நாடினோம். அவர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் தொகுதி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது பெயருக்கு வரிசை வகுத்துக் கொடுத்தார். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை எங்கே நிற்க வேண்டும் என்று பராமரிப்பாளர் கேட்டிருந்தார். னகரத்துக்கும் பிறகு, கடைசியில் என்று ஆசிரியர் தீர்ப்பளித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது, நம் ஊர்ப் பட்டியலில் நகரம் பகர வரிசையிலிருந்து கிளம்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சோதனை சரியாக வேலை செய்கிறது என்று கண்டுகொண்டோம்.

எழுத்து வரிசையை மட்டும் தனியாக, இன்ன குறை, இன்ன உதாரணம், இன்ன மாற்றம் என்று பத்து வரிக் கடிதத்தோடு மார்ச்சு நடுவில் மீண்டும் அனுப்பினோம். இம்முறை மூன்றே நாளில் பதில் வந்தது. இரண்டு கேள்விகள், பதில் எழுதினோம். அதற்குள் உலகத்தையே உலுக்கிய ஒரு சம்பவம் நடந்துவிட்டது.

எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. லினக்ஸ் ஓடும் கணிப்பொறிகளில் பெரும்பாலும் இருப்பது. லாசே காலின் என்னும் பின்லாந்துக்காரர் பல ஆண்டுகளாக ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பினார். வேறு சில பெயர்களில் வந்தவர்கள், ஏன் தாமதம், முடியாவிட்டால் பொறுப்பை இன்னொருவரிடம் விடக் கூடாதா என்று காலினை நெருக்கினார்கள். மெல்ல மெல்லப் பொறுப்பு அந்தப் புதியவர் கைக்குப் போயிற்று. 2024-இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணிப்பொறிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் கொல்லைக் கதவு ஒன்று ஒளித்து வைக்கப்பட்டது. மைக்ரோசாப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்பவர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதேன் என்று துருவிப் பார்த்து, மார்ச்சு 29 அன்று ஊரைக் கூட்டினார். அரை நொடி! நம் சாளரத்தில் அரை மணி தாமதத்தை யாரும் துருவுவதில்லை.

இச்செய்தியைப் படித்த இரவில் நம் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். முகமறியாத ஒருவன், ஆயிரம் வரி மூட்டையை அனுப்பி, ஏன் ஏற்கவில்லை என்று அதட்டியிருக்கிறான். அவர்கள் நம்மை எப்படிப் பார்த்திருப்பார்கள்! அதன்பின் அவர்கள் நூறு கேள்வி கேட்டாலும் கோபம் வரவில்லை. மே மாதம் நமது பதினொரு வரி மூலப் பிரதியில் சேர்ந்தது.

நிற்க. இனிச் சொல்லப்போவதே நமக்கு முக்கியம்.

2004 டிசம்பர் 26 அன்று நாம் எட்டாம் வகுப்பு மாணவன். சிற்றப்பா அப்போது காம்ப்பெல் பேயில் இருந்தார். ஆழிப்பேரலைக்குப் பின் தெற்குத் தீவுகளிலிருந்து மக்கள் கப்பலிலும் விமானத்திலும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். வந்து சேர்ந்தவர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி ஒரு முகாமின் சுவரில் தாள் தாளாக ஒட்டியிருந்தனர். தகப்பனார் நம் கையைப் பிடித்துக்கொண்டு, சிற்றப்பாவின் பெயருக்குரிய 'கே' எழுத்துத் தாள்களை வரி வரியாகப் பார்த்தார். இல்லை. மறுநாளும் போனோம். இல்லை. பாட்டியார் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்தார். பெயர் 'எம்' தாளில் இருந்தது. பாட்டனார் பெயரின் தலைப்பெழுத்தோடு எழுதியவர், அந்தத் தலைப்பெழுத்தையே முதலாகக் கொண்டு வரிசைப்படுத்தியிருந்தார். உறக்கமின்றி எழுதிய அந்தத் தொண்டரைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. சிற்றப்பா இரண்டு நாளாக ஒரு மைல் தூரத்தில், நாங்கள் யாரும் பிழைக்கவில்லை போலும் என்று எண்ணி உட்கார்ந்திருந்தார்.

நாம் எடுத்துக்கொண்ட மென்பொருளில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. வரிசையும் அதைக் கொண்டுதான். நமக்கேது குடும்பப் பெயர்? மகள் தந்தையின் பெயரை எழுதுகிறாள், மருமகள் கணவன் பெயரை எழுதுகிறாள், தந்தை பாட்டனார் பெயரை எழுதுகிறார். ஒரே வீட்டார் மூன்று எழுத்தில் மூன்று பக்கத்தில் சிதறுகிறார்கள். இதை மாற்றும்படி ஜூன் மாதம் கேட்டோம். பராமரிப்பாளர் மறுத்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விசை வைத்தால் சில ஆண்டில் யாராலும் அதைக் காப்பாற்ற முடியாது என்பது அவர் வாதம். நியாயமான வாதந்தான்.

முன்போல் சண்டைக்குப் போகவில்லை. விட்டுவிடவும் மனம் வரவில்லை. மேலே சொன்ன சுவர்த் தாள்களின் கதையை, ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதி அனுப்பினோம். அத்தோடு, அதே பேரலைக்குப் பின் இலங்கையில் தன்னார்வ நிரலாளர்கள் கூடிச் சில வாரங்களில் எழுதிய 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளையும் குறிப்பிட்டோம். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனவர்களைப் பதிவு செய்வதும் தேடுவதும் அதன் முதல் வேலைகளில் ஒன்று. 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006-இல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவிலும் அது பயன்பட்டது; கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006-ஆம் ஆண்டுச் சமூக நன்மை விருதையும் பெற்றது. பெயர்ப்பட்டியல் என்பது வெறும் காகிதம் அன்று என்று அறிந்தவர்கள் நம்மைத் தவிரவும் உண்டு என்பதற்காக இதை எழுதினோம்.

ஒரு வாரம் சென்று பதில் வந்தது. மற்றொரு பராமரிப்பாளரும் சேர்ந்துகொண்டார். ஐஸ்லாந்து நாட்டிலும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாதாம். தந்தை பெயரோடு மகன், மகள் என்ற விகுதி சேர்த்து எழுதுவார்கள், தொலைபேசிப் புத்தகத்திலும் இட்ட பெயரைக் கொண்டே வரிசை. ஜாவாவில் ஒற்றைப் பெயரோடு வாழ்பவர்கள் பலர். ஆகவே நாட்டுக்கொரு விசை வேண்டாம், 'வரிசைக்குரிய பெயர்' என்று தனியே ஒரு கட்டம் போதும், குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று அவரே வழி சொன்னார். நாம் கேட்டதைவிட அது நல்ல வழி. நமக்குத் தெரிந்தது ஹேடோ. அவருக்குத் தெரிந்தது உலகம். நிரலில் பாதியை நாம் எழுதினோம், மீதியை அவர் எழுதினார். செப்டம்பர் கடைசியில் சேர்ந்தது.

நிறத்தையும் தேதியையும் பற்றிய திருத்தங்களை நாமே கைவிட்டோம். தமிழ்ச் சொற்களை மாற்றும் விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. மொழிபெயர்ப்புக்கென்று வேறு குழுவினர் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசுங்கள் என்றார்கள். பேசினோம். 'பயனர்' என்ற சொல் நமக்குத் தொண்டையில் சிக்குகிறது. அவர்களுக்கு அது இனிக்கிறது. அவர்கள் தவறு என்றே இன்றும் கருதுகிறோம். ஆனால் நூற்றுக்கணக்கான சொற்களை ஆண்டுக்கணக்கில் மொழிபெயர்த்தவர்கள் அவர்கள். நாம் நேற்று வந்தவர். இப்போதைக்குப் 'பயனர்' இருக்கட்டும்.

புதிய பதிவேட்டின் அச்சுப் பிரதி சங்க அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. சிற்றப்பா தம் பெயரை முதல் ஆளாக வந்து பார்த்தார். ககர வரிசையில், இரண்டாம் பக்கத்தில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். மற்ற அன்பர்களும் ஞாயிறு மாலைகளில் வந்து தத்தம் குடும்பத்தாரின் பெயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கோருகிறோம். திருத்தம் இருப்பின் மேசைமேல் படிவங்கள் இருக்கின்றன. வயதுக் கட்டத்தைக் காலியாக விடாமல், ஒரு படிவத்தில் ஆறு பெயருக்கு மிகாமல் எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.